ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றியது யார்

1

ஊரில் இருந்து ஒரு கூட்டாளி கடிதம் போட்டிருந்தார். "லண்டன் குளிர், லண்டன் குளிர் எண்டு எல்லாரும் எழுதுறியள். அது என்ன, ஐஸ்பெட்டிக்குள்ள கையை வைச்ச மாதிரியோ?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். நாலு உடுப்பைக் கூடப் போட்டால் மனுசன் சமாளிப்பான் என்று. அது மனுசனை மட்டும் பிடிக்கிற சாமான் என்று நினைத்தது என்னுடைய மடைத்தனம். சில வருடங்களுக்கு முந்தி ஒரு தை மாதம் குளிர் என் வீட்டுக்குள் புகுந்து பார்த்த வேலையை எழுதுகிறேன். கூட்டாளிக்கும் பதில் போட்டதாய் இருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. நான் கார் ரேஸ் ஓடுகிறவன். சிரியுங்கோ, பரவாயில்லை, நான் இருக்கிற ஈஸ்ட் ஹாமில் என்னைத் தெரிந்த எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள். பஸ் கராஜ் ஒன்றில் எனக்கு ஃபிட்டர் வேலை. அங்கே என்னோடு வேலை செய்கிற டெரெக் என்ற வெள்ளைக்காரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். பழைய விமான ஓடுபாதை ஒன்றில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மஞ்சள் விளக்கு எரியும், பிறகு பச்சை. பச்சை வந்ததும் கால் மைல் தூரம் நேரே ஓடவேண்டும். முதல் போனவன் வென்றான். பதினைந்து செக்கனுக்குள் எல்லாம் முடிந்துவிடும். இதற்கு டிராக் ரேஸ் என்று பெயர்.

"இதில என்ன கிடக்கெண்டு ஓடுறியள்?" என்று என் மனைவி மலர் கேட்காத வருடம் இல்லை. ஊரில் நான் கடைசியாகக் கார் ஓட்டின காலத்தில் கால் மைல் தூரத்தை ஒருவரும் மறிக்காமல் ஓடக்கூடிய றோட்டு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. அதுதான் காரணமாக இருக்கவேண்டும். அவளுக்கு நான் அப்படிச் சொன்னதில்லை. "சும்மாதான்" என்று சொல்லுவேன்.

என் கார் ஒரு பழைய சிவப்பு இரண்டு கதவுக் கார். எஞ்சினை இரண்டு குளிர்காலமாய் நானே பிரித்து, உரசி, நிறை பார்த்து, பூட்டினேன். நானே என்று எழுதுவது பிழை. மகள் தர்ஷினியும் கூட நின்றாள். எங்களுக்கு அவள் ஒரு பிள்ளைதான், அப்போது பதினெட்டு வயது. வீட்டுக்குள் அவளிடம் என்ன கேட்டாலும் "ஓம்", "இல்லை", "தெரியாது" என்ற மூன்று சொல்தான் வரும். தொலைபேசியில் சிநேகிதிகளோடு இங்கிலிஷில் பொரிந்து தள்ளுகிற வாய், எங்களைக் கண்டதும் பூட்டுப் போட்டுவிடும். ஆனால் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டிலுக்குள், கைகளில் கிறீஸ் பூசிக்கொண்டு நிற்கும்போது, அவள் என்னோடு முழு வசனத்தில் கதைப்பாள். தமிழில் கதைப்பாள். சில நேரம் பகிடியும் விடுவாள். எனக்கு அந்தக் கார் வேண்டியிருந்ததே அதற்காகத்தான் என்று இப்போது விளங்குகிறது.

ஈஸ்டருக்கு வருகிற முதல் ஓட்டத்தில் அவள்தான் காரை ஓட்டுவதாக ஏற்பாடு.

2

எங்கள் ஓட்டத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. இங்கே எல்லாரும் ரேடியேட்டர் தண்ணீரோடு அன்டிஃப்ரீஸ் என்று ஒரு மருந்தைக் கலந்து வைப்பார்கள். அது கலந்தால் தண்ணீர் உறையாது. ரேஸ் ஓடுகிற காருக்கு அது கூடாது, ஏனென்றால் ஓடுபாதையில் கொஞ்சம் சிந்தினாலும் எண்ணெய் மாதிரி வழுக்கும், பின்னால் வருகிறவனுடைய உயிர் போய்விடும். ஆகவே வெறும் தண்ணீர்தான். குளிர் தொடங்க முதல் அதை முற்றாக வடித்துவிடவேண்டும். ரேடியேட்டரை வடித்தால் மட்டும் போதாது. எஞ்சின் இரும்புக்கு உள்ளேயும் தண்ணீர் நிற்கும், அதை வெளியே விடுவதற்குப் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது.

மார்கழியில் அந்த வேலையைத் தர்ஷினியிடம் கொடுத்தேன். "வடிச்சு முடிஞ்சால் எல்லாத்தையும் திருப்பி இறுக்கிப் பூட்டிவிடு, எலி கிலி பூந்திடும்" என்றும் சொன்னேன். அவள் செய்துவிட்டு வந்து "வடிச்சிட்டன் அப்பா" என்றாள். சரி என்றேன். போய்ப் பார்க்கவில்லை.

தை மாதம் ஒரு கிழமை விடாமல் உறைபனி. ஞாயிறு காலமை கொட்டிலைத் திறந்தேன். காரடியில் ஏதோ வட்டமாகக் கிடந்தது. குனிந்து எடுத்தேன். எஞ்சினின் பக்கவாட்டில் காசு மாதிரி வட்டத் தகடுகள் அடித்திருக்கும், கோர் பிளக் என்று சொல்லுவோம். அதில் ஒன்று. இன்னொன்று பாதி வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. தகடு கழன்ற துவாரத்தில் இருந்து பனிக்கட்டி ஐஸ்பழம் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

தண்ணீர் உறைந்தால் பெருக்கும். பெருத்தால் இரும்பையும் பிளக்கும். கராஜில் இதை நான் பத்துப் பஸ்ஸில் கண்டிருக்கிறேன். என் காரில் காண்பேன் என்று நினைக்கவில்லை. அந்தத் தகட்டைக் கையில் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனேன்.

மலர் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். மேசையில் தர்ஷினி இருந்தாள், பக்கத்தில் மலரின் தம்பி பாலன். அவன் வந்து ஆறு மாதமாய் எங்களோடுதான் இருந்தான். தகட்டைத் தர்ஷினியின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நீ எஞ்சினை வடிச்சனியோ?"

"ஓம் அப்பா, வடிச்சனான்."

"பக்கத்துத் திருகு?"

"அதையும் திறந்தனான். தண்ணி நிக்கும் மட்டும் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"அப்ப உள்ளுக்குக் கிடக்கிற ஐஸ் வானத்தால விழுந்ததோ?"

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று சின்ன வயதில் இருந்தே பேர். அன்றைக்கு அது மூக்கோடு நிற்கவில்லை. சத்தம் போட்டேன். பொய்காரி என்றேன். போனில் கதைக்கிற அவசரத்தில் அரைகுறையாய்ச் செய்துபோட்டு என்னை ஏமாற்றினாய் என்றேன். முதலில் என் கண்ணைப் பார்த்து மறுமொழி சொன்னவள், இடையில் ஒருக்கா அங்கால் திரும்பினாள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. பிழை செய்தவள்தானே, என்னத்தைச் சொல்லுவாள் என்று நினைத்தேன். பாலன் தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டு மெல்ல எழும்பி மேலே போனான். குடும்பச் சண்டைக்குள் நிற்கக்கூடாது என்று தெரிந்த பொடியன் என்று அவனைப் பற்றி நல்ல மாதிரி நினைத்துக்கொண்டேன்.

3

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

அந்த வருடம் தர்ஷினிக்கு வடக்கே ஒரு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் படிப்புக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். படிப்புச் செலவுக்குக் கவுன்சிலுக்கு ஒரு படிவம் அனுப்பவேண்டும். பதினாறு பக்கம். அப்பன் என்ன வேலை, அம்மா என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர் என்று எல்லாம் கேட்டு, கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்து. அவள் எல்லாவற்றையும் தன் வடிவான எழுத்தில் நிரப்பி, என் கையெழுத்துக்குரிய இடத்தில் பென்சிலால் சின்னப் புள்ளடி போட்டு வைத்திருந்தாள். அந்தப் படிவத்தை எடுத்து ஃபிரிட்ஜுக்கு மேல் வைத்தேன்.

"பக்கத்தில இருக்கேக்கையே பொய் சொல்லுற பிள்ளையை நான் இருநூறு மைலுக்கு அங்கால அனுப்பமாட்டன்" என்றேன். "செய்ததை ஒத்துக்கொள். அண்டைக்குக் கையெழுத்து வைக்கிறன்."

மலர் அன்றிரவு என்னோடு சண்டை பிடித்தாள். "ஒரு இரும்புத் துண்டுக்காகப் பிள்ளையின்ர படிப்பில கை வைக்கிறியளோ? உங்களுக்கென்ன விசரோ?" என்று கேட்டாள். இரும்பு இல்லை, பொய்தான் பிரச்சினை என்று நான் நீதவான் மாதிரிக் கதைத்தேன். தர்ஷினி படிவத்தைப் பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை. காலமை எழும்புவாள், போவாள், வருவாள். படிவம் அனுப்பக் கடைசி நாள் மாசி முடிய என்று நாட்காட்டியில் வட்டம் போட்டிருந்தது. ஒவ்வொரு நாளும் அந்த வட்டத்தை நானும் அவளும் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம்.

பாலனுடைய கதையையும் இங்கே சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓடினவன். இங்கே அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். குடிவரவுக் காரருடைய கடிதம் எல்லாம் எங்கள் முகவரிக்குத்தான் வரும். முகவரி மாற்றினால் கடிதம் தவறும், கடிதம் தவறினால் தவணை தவறும், தவணை தவறினால் கேஸ் போச்சு என்று வக்கீல் எச்சரித்திருந்தார். பழுப்பு உறை வந்தால் அவன் தொடமாட்டான். அதை உடைத்து வாசித்துத் தமிழில் விளங்கப்படுத்துவது தர்ஷினியின் வேலை. எனக்கு அந்த இங்கிலிஷ் அரைவாசிதான் விளங்கும், பொறுமை அரைவாசியும் இல்லை.

4

எஞ்சினை அவசரப்படுத்தக் கூடாது. கொதிதண்ணீர் ஊற்றினால் மிச்சமும் வெடிக்கும். கொட்டிலுக்குள் ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டரை வைத்து மூன்று நாள் ஆறுதலாக உருகவிட்டேன். பிறகு எண்ணெய் அளவு பார்க்கிற கோலை இழுத்துப் பார்த்தேன். உள்பக்கம் வெடித்திருந்தால் தண்ணீர் எண்ணெயோடு கலந்து பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். எண்ணெய் கறுப்பாய்த்தான் இருந்தது. உள்ளே தப்பிவிட்டது.

வெளிச் சுவர்? எல்லா வாயையும் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் பூசிக்கொண்டு வந்தேன். பாலன் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். கழன்ற தகட்டுக்குக் கொஞ்சம் கீழே நுரை பொங்கியது. துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தேன். ஒரு விரல் நீளத்துக்கு, தலைமயிர் அளவில், வெடிப்பு.

"இது சரி வருமோ அத்தான்?" என்று பாலன் கேட்டான். அவனுக்குக் குரல் அடைத்திருந்தது. தடிமன் ஆக்கும் என்று நினைத்தேன்.

வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது லேசான வேலை இல்லை. வெல்ட் பண்ணினால் சூட்டில் வெடிப்பு இன்னும் நீளும். டெரெக் தன்னுடைய சாமான்களைத் தந்து, தைக்கிற முறையைச் சொல்லித்தந்தான். இரும்பைத் தைப்பது என்றுதான் அதற்குப் பேரே. வெடிப்பு முடிகிற இரண்டு நுனியிலும் சின்னத் துளை போடவேண்டும், அதுக்கு மேல் ஓடாமல் இருக்க. பிறகு வெடிப்பு நெடுக ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு வருகிற மாதிரித் துளை போட்டு, மரை வெட்டி, இரும்பு ஆணிகளை முறுக்கி இறக்கி, தலையை வெட்டி, தட்டிச் சமப்படுத்தவேண்டும். ஒரு துளை கொஞ்சம் கோணினால் போதும், வெடிப்பு சிலிண்டர் பக்கம் ஓடிவிடும். பிறகு பழைய இரும்புக் கடைதான்.

ஒரு சனிக்கிழமைக்கு நாலு ஆணி, ஐந்து ஆணி. கூட நிற்கவேண்டியவள் நிற்கவில்லை. சனிக்கிழமைகளில் அவள் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையில் வேலை செய்வாள். முன்பெல்லாம் பின்னேரம் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் நேரே கொட்டிலுக்குள் வருவாள். இப்போது முன் வாசலால் வந்து மேலே போய்விடுகிறாள். அவள் படி ஏறுகிற சத்தம் கேட்டால் துளைக்கிற யந்திரத்தை நிறுத்துவேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் திருப்பித் தொடங்குவேன்.

அவளுக்குப் பதிலாய்ப் பாலன் நின்றான். சொல்லாமலே தேத்தண்ணி வரும், சொல்லாமலே துணி வரும், நிலத்தில் விழுந்த இரும்புத் தூளை ஊதி ஊதி அள்ளுவான். விறைத்த நிலத்தில் முழங்காலில் நிற்பான். எனக்கு அவனில் நல்ல பட்சம் வந்துவிட்டது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னேன்: "பிள்ளை, மாமாவைப் பார். ஒரு பங்கும் இல்லாத வேலைக்கு எப்பிடி மினக்கெடுறான் எண்டு பார். பாத்தாவது பழகு."

பாலன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். தர்ஷினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழுகிற முகமும் இல்லை, கோபித்த முகமும் இல்லை. "ஓம் அப்பா" என்றாள். பிறகு கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

5

மாசி கடைசிச் சனிக்கிழமை. பதினெட்டு ஆணியும் இறங்கி, புதுத் தகடுகளும் அடித்தாயிற்று. இனித் தண்ணீர் விட்டு எஞ்சினைச் சூடாக்கிப் பார்க்கவேண்டும். பிடித்தால் ஈஸ்டர், கசிந்தால் ஒன்றும் இல்லை. நான் காரடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, வெடிப்புத் தைத்த இடத்தில் லைட்டைப் பிடித்தபடி சத்தம் வைத்தேன்.

"பாலன், வாளியை எடுத்து ரேடியேட்டருக்குத் தண்ணி விடு. ஆறுதலாய் விடு."

தண்ணீர் வரவில்லை.

"விடு எண்டுறன்."

"ஏலாது அத்தான்."

வெளியே ஊர்ந்து வந்து பார்த்தேன். வாளியை நிலத்தில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்டைக்கும் நான்தான் ஊத்தினனான்" என்றான்.

பிறகு நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனான். ஊரில் சண்டையால் பெற்றோல் தடை. அவன் கார் ஓடினது மண்ணெண்ணெயில். மண்ணெண்ணெயில் ஓடினால் எஞ்சின் கண்டபடி சூடேறும், நாலு கட்டைத் தூரத்துக்கு ஒருக்கா நிறுத்தித் தண்ணீர் விடவேண்டும். காலமை எழும்பினால் முகம் கழுவ முந்தி ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கிற பழக்கம். ஒரு நாள் பார்க்காமல் விட்டு எஞ்சின் இறுகி, நடுறோட்டில் காரை விட்டுவிட்டு, ஏற்றிவந்த ஆட்களோடு உயிர் தப்ப ஓடினானாம். இங்கே வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. தையில் ஒரு நாள் கொட்டிலுக்குள் போய்ச் சும்மா மூடியைத் திறந்து பார்த்திருக்கிறான். சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அத்தான் மறந்துபோனார், எடுத்தவுடன எஞ்சின் எரியப்போகுது எண்டு நினைச்சன். வாய் முட்ட ஊத்திவிட்டனான். உங்களுக்கு ஒரு உதவி செய்தன் எண்டு சந்தோசமாய் இருந்தது."

லைட்டோடு ஒரு பெரிய திருகுசாவியும் என் கையில் இருந்தது. திருகுசாவியை மேசையில் வைத்தேன். வைக்காவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"ஒண்டரை மாசம் இஞ்சை நிண்டு லைட் பிடிச்சனி" என்றேன். "அவளை நான் கிழிகிழியெண்டு கிழிக்கேக்கை மேல போய் இருந்தனி."

"அடுத்த நாளே சொல்ல வந்தனான் அத்தான். தர்ஷினிதான் மறிச்சவள். சொல்லவேண்டாம் எண்டு சத்தியம் வாங்கினவள்."

வாளியைத் தூக்கி நானே ஊற்றினேன். எஞ்சினைத் தொடக்கினேன். சூடு ஏற ஏற, தைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டு குந்தி இருந்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். ஒரு சொட்டு இல்லை. எண்ணெயும் சுத்தம். ஒன்றரை மாதம் நான் கும்பிட்ட நிமிடம் அது. ஒரு சந்தோசமும் வரவில்லை. வடித்து முடிந்ததும் திருகை இறுக்கிப் பூட்டச் சொன்னவன் நான். அதைத் திறந்தபடி விடச் சொல்லியிருந்தால், பாலன் ஊற்றின தண்ணீர் அப்படியே நிலத்தில் ஓடிப் போயிருக்கும்.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். பாலனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

6

கடையில் அவள் வெங்காய மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஹை ஸ்ட்ரீட்டில் சனிக்கிழமைச் சனம் இடித்துக்கொண்டு போனது. அந்த இடிபாட்டுக்குள் நின்று கேட்டேன்.

"உனக்கு எப்ப தெரியும்?"

ஒருக்கா என் முகத்தைப் பார்த்தாள். எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று விளங்கிவிட்டது.

"அண்டைக்கே தெரியும். நீங்கள் கத்தேக்கை மாமாவின்ர முகத்தைப் பாத்தனான்."

"ஏன் சொல்லேல்லை? படிவத்துக்கு இன்னும் மூண்டு நாள்தான் கிடக்கு. உன்ர படிப்பல்லோ?"

"சொன்னால் மாமாவை என்ன செய்திருப்பியள்?"

"என்ன செய்வன், ரெண்டு ஏச்சு ஏசியிருப்பன்."

"சித்தப்பாவை என்ன செய்தனீங்கள் அப்பா?"

என் தம்பி லண்டனிலேயே, கிங்ஸ்பரியில் இருக்கிறான். முந்தி எங்களோடு இருந்தவன். ஒரு சில்லறைக் கதையில் வாய்ச் சண்டை முற்றி, அவனுடைய உடுப்புகளைப் பையில் அடைத்து வாசலில் எறிந்தேன். அப்போது தர்ஷினிக்குப் பன்னிரண்டு வயது. மாடிப்படியில் நின்றிருக்கிறாள். அதற்குப் பிறகு நானும் அவனும் கதைத்ததில்லை. அவனுக்குப் பிறந்த பிள்ளைகளை நான் கண்டதில்லை. அவள் அதை மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

"மாமாவுக்கு வேற வீடு இல்லை" என்றாள். "முகவரி மாறினால் என்ன நடக்கும் எண்டு அந்தக் கடிதங்களை வாசிக்கிற எனக்குத் தெரியும். என்னை நீங்கள் ஏசுவியள், படிவத்தை ஒளிப்பியள், ஆனால் துரத்தமாட்டியள். அது எனக்கு வடிவாய்த் தெரியும். மாமாவில எனக்கு அந்த நிச்சயம் இல்லை."

"பிழை விட்டிட்டன் பிள்ளை" என்றேன். என் வாழ்க்கையில் அவளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தரம். "வா வீட்டை. இண்டைக்கே கையெழுத்து வைக்கிறன்."

முதலாளியிடம் சொல்லிக்கொண்டு, கோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். நடந்துதான் வந்தோம். எஞ்சின் பிடித்ததோ என்று கேட்டாள். பிடித்தது, ஒரு சொட்டும் இல்லை என்றேன். எத்தனை ஆணி என்று கேட்டாள். பதினெட்டு என்றேன். "ஈஸ்டருக்கு நான் ஓடுறன். ஆனால் மாமாவும் வரவேணும்" என்றாள். வரட்டும் என்றேன்.

வீட்டுக் கதவைத் திறந்தோம். மலர் படியில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். பாலன் கோட்டுப் போட்டு, வந்த அன்று கொண்டுவந்த அதே சின்னப் பெட்டியைக் கையில் பிடித்தபடி, ஒடுங்கின ஒழுங்கையில் வழி விட்டு ஒதுங்கி நிற்கிறவன் மாதிரிச் சுவரோடு நின்றான். ஒன்றும் சொல்லாமல் நான் வெளிக்கிட்டுப் போனதை அவன் வேறு விதமாய் விளங்கிக்கொண்டுவிட்டான்.

"பெட்டியை வை பாலன்" என்றேன். "எங்கையும் போகத் தேவையில்லை. இது உன்ர அக்காவின்ர வீடு."

அவன் அசையவில்லை. பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். என் முகத்தை ஒருக்காவும் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நின்ற தர்ஷினியைப் பார்த்தான்.

"வையுங்கோ மாமா" என்றாள் அவள்.

அதற்குப் பிறகுதான் வைத்தான்.